வாரச் செய்தித் தொகுப்பு: 300 தலைப்பிலிருந்து எட்டுக்கு இறங்குவது எப்படி?

வாரக்கடைசி:

தொழில்நுட்பம், வணிகம் இரண்டையும் சேர்த்து வாரம் எட்டுச் சேதி கொண்ட ஒரு தொகுப்பு எழுதும் வேலை. படிப்பவர்களில் மென்பொருள்காரர்களும் உண்டு, பங்கு முதலீட்டுக்காரர்களும் உண்டு. அதனால் பொத்தாம்பொதுவாக எழுதித் தப்ப முடியாது.

மூன்று இடத்தில் இடிக்கிறது:

1. வாரத்துக்கு 300 தலைப்புக்கு மேல் சேர்கிறது. பாதி ஒரே சேதியின் மறுபதிப்பு.
2. காலாண்டு முடிவுகள் வரும் வாரங்களில் ஒரே நிறுவனத்துக்கு நாலு தளம் நாலு எண் சொல்கிறது. எதை எடுப்பது?
3. அனுப்பிய மறுநாளே சேதி தலைகீழாகிறது.

எந்தச் செயலி நல்லது என்ற விவாதம் வேண்டாம். ஆர்எஸ்எஸ் வாசிப்பான் (தளங்களின் புதிய பதிவுகளை ஓடைகளாகச் சேர்த்துத் தரும் செயலி) இருக்கிறது, ஓடுகிறது. வேலை செய்யும் முறைதான் தேவை.

மூலப்பிரதி:

தலைப்புகளை வடிகட்டுவதற்கு முன் ஊற்றுகளைப் பிரித்து வையுங்கள். செய்தி எழுதுபவர்கள் ஒரு கோப்புறை, செய்தி பிறக்கும் இடங்கள் இன்னொரு கோப்புறை. நிறுவனங்களின் முதலீட்டாளர் பக்கம், ஒழுங்குமுறை அமைப்புகளின் அறிவிப்பு, தீர்ப்புகள், மென்பொருள் வெளியீட்டுக் குறிப்புகள் எல்லாம் இரண்டாவதில். முதல் கோப்புறை கைகாட்டி மரம் மாதிரி. அதில் மூன்று ஓடைக்கு மேல் வேண்டாம். டெக்மீம், ஹேக்கர் நியூஸ் முகப்பு, ஒரு பொது வணிக ஓடை போதும். டெக்மீம் ஒரே சேதியை எழுதிய தளங்களை எல்லாம் ஒரு தலைப்பின் கீழ் அடுக்கிவிடுவதால் மறுபதிப்புத் தொல்லை பெரும்பாலும் அங்கேயே தீர்கிறது.

அமெரிக்கச் சந்தையில் பட்டியலான நிறுவனம் என்றால், பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்இசியின் எட்கர் என்ற ஆவணத் தளத்தில் நிறுவனம் வாரியாகவும் படிவம் வாரியாகவும் ஓடை கிடைக்கும். 8-கே படிவத்தை மட்டும் எடுங்கள். முக்கிய நிகழ்வு நடந்தால் பொதுவாக நான்கு வேலை நாளுக்குள் இதைத் தாக்கல் செய்தாக வேண்டும். உள்ளே உள்ள பிரிவு எண்ணைப் பார்த்தே ரகம் தெரிந்துவிடும்: 1.01 என்றால் முக்கிய ஒப்பந்தம், 1.05 இணையப் பாதுகாப்புச் சம்பவம், 2.02 நிதி முடிவு, 5.02 இயக்குநர் அல்லது உயரதிகாரி மாற்றம். நிதி முடிவுக்கான பத்திரிகைக் குறிப்பு வழக்கமாக 99.1 என்ற இணைப்பில் இருக்கும்.

இதில் இரண்டு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். எட்கரைத் தானியங்கி நிரல் தொடும்போது, யார் கேட்கிறார்கள் என்ற தொடர்பு விவரத்தை யூசர் ஏஜென்ட் வரியில் (நிரல் தன்னை அறிமுகப்படுத்தும் வரி) எதிர்பார்க்கிறது. அது இல்லாத வாசிப்பானுக்கு 403 (அனுமதி மறுப்பு) பிழைதான் பதில். ஓடை செத்துவிட்டது என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். இரண்டாவது, தாக்கல் தேதி. கிழக்கு அமெரிக்க நேரப்படி மாலை 5.30-க்குப் பிறகு வரும் 8-கேவுக்கு அடுத்த வேலை நாளின் தேதி விழும். வெள்ளி இரவு நழுவவிட்ட கெட்ட சேதி திங்கள் தேதியோடு நிற்பது இப்படித்தான். "ஏற்றுக்கொள்ளப்பட்ட நேரம்" என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள்.

பொதுவாக ஓடைகளில் கடைசி 10 முதல் 30 பதிவுகள்தான் நிற்கும். மடிக்கணினியிலேயே ஓடும் வாசிப்பானை மூன்று நாள் திறக்காவிட்டால், சுறுசுறுப்பான ஓடையில் நடுவில் ஓட்டை விழும். விழுந்தது தெரியவும் தெரியாது. எப்போதும் இயங்கும் சர்வரிலோ மேகக் கணக்கிலோ மணிக்கு ஒருமுறை புதுப்பிக்கும்படி வையுங்கள். உங்கள் ஓடைகளின் பட்டியலான ஓபிஎம்எல் கோப்பை மாதம் ஒருமுறை ஏற்றுமதி செய்து வைப்பதும் நல்லது. 2013 ஜூலையில் கூகுள் ரீடர் மூடப்பட்டபோது பலருடைய பட்டியலைக் காப்பாற்றியது அந்தக் கோப்புதான்.

இனி தேர்வு. தலைப்பில் வினைச்சொல்லை மட்டும் பாருங்கள். ஒரு சேதி மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: நடந்தது, நடக்கும் என்று அறிவித்தது, நடப்பதாகச் சொல்லப்படுவது. தமிழ்த் தலைப்புகளில் "வாங்குகிறது" என்று ஒரே சொல் மூன்றுக்கும் ஓடுகிறது. பாதிக் குழப்பம் அதில்தான். வாங்கியது, வாங்க ஒப்பந்தம் போட்டது, வாங்கப் பேசுவதாகத் தகவல் என்று பிரித்து எழுதுங்கள்.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. ஃபிக்மாவை 20 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக அடோபி அறிவித்தது 2022 செப்டம்பரில். 2023 டிசம்பரில் ஒப்பந்தம் கைவிடப்பட்டு, அடோபி 1 பில்லியன் டாலர் முறிவுக் கட்டணம் கட்டியது. ஆக்டிவிஷன் பிளிசார்டை மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக அறிவித்தது 2022 ஜனவரி, வாங்கி முடித்தது 2023 அக்டோபர். இரண்டுக்கும் "வாங்கியது" என்று எழுதியிருந்தால் ஒன்று பொய், இன்னொன்று 21 மாதம் முந்திய சேதி.

தினம் 15 நிமிடம் தலைப்புகளைப் பார்த்து, ஒரு கோப்பில் ஒரு வரி மட்டும் போடுங்கள்: தேதி, யார், வினைச்சொல், மூல ஆவணத்தின் இணைப்பு. மூல ஆவணம் கிடைக்காததற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. வாரக் கடைசியில் கேள்விக்குறி போட்டவற்றில் ஒன்றோ இரண்டோதான் தேறும். மீதியை விட்டுவிட மனசு வர வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நாலு தளம் நாலு எண் சொன்னால் பெரும்பாலும் நாலும் சரிதான். வேறு வேறு எண்கள், அவ்வளவே.

பத்திரிகைக் குறிப்பைத் திறந்ததும் எண்ணைத் தேடாதீர்கள். எந்தக் காலம் என்று தேடுங்கள். 2024 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டு ஆப்பிளுக்கு 2024 நிதியாண்டின் நாலாம் காலாண்டு, மைக்ரோசாஃப்டுக்கு 2025-இன் முதல் காலாண்டு. 2025 ஜனவரி 26-இல் முடிந்த ஆண்டுக்கு என்விடியா வைத்த பெயர் நிதியாண்டு 2025. அதில் பதினொரு மாதம் நாம் 2024 என்று சொல்லும் ஆண்டு. "முதல் காலாண்டு" என்று எழுதாதீர்கள். "செப்டம்பரில் முடிந்த காலாண்டு" என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் இல்லை.

அடுத்து, எந்த லாபம்? அமெரிக்க நிறுவனங்கள் ஜிஏஏபி கணக்கியல் விதிப்படி ஒன்றும், "சரிசெய்யப்பட்டது" என்று ஒன்றும் தரும். இரண்டாவதில் ஊழியர்களுக்குக் கொடுத்த பங்குகளின் செலவு, ஆட்குறைப்புச் செலவு, கையகப்படுத்தலில் வந்த தேய்மானம் எதுவும் செலவாகச் சேர்ந்திருக்காது. போன ஆண்டின் ஜிஏஏபி லாபத்தை இந்த ஆண்டின் சரிசெய்த லாபத்தோடு ஒப்பிட்டு "இரட்டிப்பு" என்று எழுதும் தளங்கள் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே வகை எண்ணா என்று அடியில் உள்ள ஒப்பீட்டு அட்டவணையில் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வரிவரியாக அங்கே காட்டியாக வேண்டும்.

ஆனால் ஜிஏஏபி எண் எப்போதும் உண்மையைச் சொல்லும் என்றும் நினைக்க வேண்டாம். அதே 2024 செப்டம்பர் காலாண்டில் ஆப்பிளின் நிகர லாபம் ஏறக்குறைய 23 பில்லியனிலிருந்து 14.7 பில்லியன் டாலராக இறங்கியது. 36 சதவீதச் சரிவு! வியாபாரம் படுத்துவிட்டதா? வருவாய் 6 சதவீதம் ஏறி 94.9 பில்லியன். அயர்லாந்து வரி வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தச் செப்டம்பரில் தந்த தீர்ப்பால் 10.2 பில்லியன் டாலர் ஒருமுறைச் செலவாக விழுந்தது, அதுதான் காரணம். இந்த மாதிரி இடத்தில் இரண்டு எண்ணையும் போட்டு நடுவில் காரணத்தை எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

பங்கொன்றுக்கான லாபத்தைப் பழைய ஆண்டோடு ஒப்பிட்டால் நடுவில் பங்குப் பிரிப்பு நடந்ததா என்று பாருங்கள். என்விடியா 2024 ஜூனில் ஒன்றைப் பத்தாகப் பிரித்தது. அதற்கு முந்தைய அறிக்கைகளில் உள்ள எண்ணைப் பத்தால் வகுக்காமல் ஒப்பிட்டால் லாபம் பாதாளத்தில் விழுந்த மாதிரித் தெரியும்.

புதிய நிறுவனங்கள் "ஆண்டு வருவாய் 120 மில்லியன்" என்று சொன்னால் அது ஓடும் வேகமாக இருக்கலாம்: கடைசி மாதம் 10 மில்லியன், பெருக்கல் 12. ஆண்டு முழுக்க வந்த பணம் அதில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். மதிப்பீடு சொல்லும்போது புது முதலீடு சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். 200 மில்லியன் திரட்டி, சேர்த்த பின் மதிப்பு 1 பில்லியன் என்றால் முதலீட்டாளர் வாங்கியது 20 சதவீதம். சேர்க்கும் முன் மதிப்பு 1 பில்லியன் என்றால் 16.7 சதவீதம்.

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் கண்ணிகள் தனி:

1 மில்லியன் 10 லட்சம், 1 பில்லியன் 100 கோடி, 1 டிரில்லியன் 1 லட்சம் கோடி. ஜெர்மன், பிரெஞ்சு மூலத்தில் "பில்லியன்" என்று தெரிவது நம் டிரில்லியன். நம் பில்லியனுக்கு அங்கே மில்லியார்ட் என்று பெயர். எந்திர மொழிபெயர்ப்பு இதில் அவ்வப்போது வழுக்கும்.

ரெவென்யூ என்றால் வருவாய், நெட் இன்கம் என்றால் நிகர லாபம். இரண்டாவதை "நிகர வருமானம்" என்று பெயர்த்தால் அடுத்த வரியிலேயே வருவாயோடு கலந்துவிடும்.

லாப விகிதம் 20 சதவீதத்திலிருந்து 22-க்கு ஏறினால் அது 2 சதவீதப் புள்ளி உயர்வு. "2 சதவீதம் உயர்வு" என்று எழுதினால் 20.4 என்று பொருள்.

அபராதச் சேதிகளில் "வரை" என்ற சொல்லைத் தேடுங்கள். ஐரோப்பிய எண்மச் சந்தைச் சட்டப்படி உலக விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம் போடலாம். அதை வைத்துத் தலைப்புகள் பத்து பில்லியன் கணக்கில் பறந்தன. 2025 ஏப்ரலில் உண்மையில் விழுந்தது ஆப்பிளுக்கு 500 மில்லியன் யூரோ, மெட்டாவுக்கு 200 மில்லியன். மேல்முறையீடு வேறு இருக்கிறது. "விதித்தது" வேறு, "கட்டியது" வேறு.

பொறுமைசாலி:

மூன்றாவது சிக்கலுக்கு முழுத் தீர்வு கிடையாது. எந்த நாளில் தொகுப்பின் கதவை அடைத்தாலும் அடுத்த நாள் ஏதாவது நடக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை அடைப்பதுதான் இருப்பதிலேயே மோசம்.

சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது 2023 மார்ச் 10, வெள்ளி. காப்பீட்டு வரம்பான 2.5 லட்சம் டாலருக்கு மேல் உள்ள பணம் என்னாகும் என்று சனிக்கிழமை முழுக்கக் கேள்வி. எல்லா வைப்புதாரர்களுக்கும் முழுப் பணமும் கிடைக்கும் என்று ஞாயிறு மாலை அரசு அறிவித்தது. ஓப்பன்ஏஐ இயக்குநர் குழு தலைமை நிர்வாகி சாம் ஆல்ட்மனை நீக்கியது 2023 நவம்பர் 17, வெள்ளி. திங்களன்று அவர் மைக்ரோசாஃப்டில் சேர்வதாக அறிவிப்பு, செவ்வாய் இரவு பழைய பதவிக்கே திரும்ப உடன்பாடு. லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் நிரலகத்தில் பின்கதவு இருப்பது வெளிவந்தது 2024 மார்ச் 29, அதுவும் வெள்ளி. பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் கோளாறு 2024 ஜூலை 19. அதுவும் வெள்ளியேதான்.

செவ்வாய் அல்லது புதன் அடைக்கலாம். இன்னொரு வசதி: பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் முடிவுகளைப் பெரும்பாலும் செவ்வாய் முதல் வியாழன் வரை, சந்தை மூடிய பிறகு வெளியிடுகின்றன. புதன் காலை அடைத்தால் போன வாரத்து முடிவுகளைச் சந்தை எப்படி எடுத்துக்கொண்டது என்பது வரை தெரிந்திருக்கும். மூடிய பின் நடக்கும் வர்த்தகத்தில் "8 சதவீதம் சரிவு" என்று வருவதை எழுதவே வேண்டாம்; மறுநாள் முடிவு விலையில் அது பாதியாகலாம், ஏற்றமாகவும் மாறலாம்.

ஒவ்வொரு தொகுப்பின் தலையிலும் "இந்தத் தேதி, இந்த நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்) வரை" என்று ஒரு வரி. "நேற்று", "இன்று" எதுவும் உள்ளே கூடாது.

கடைசியில் "தொடர்பவை" என்று ஒரு பகுதி வையுங்கள். இது இல்லாத தொகுப்புக்குப் பாதி மதிப்புதான் என்பது என் கட்சி. தேதியோடு எழுதுங்கள்: ஒப்பந்தம் முடிய வேண்டிய காலாண்டு, தீர்ப்பு நாள், மேல்முறையீட்டுக் கெடு. ஒரு தொடர் மூன்று மாதம் அசையவில்லை என்றால் "அசைவில்லை" என்று ஒருமுறை எழுதிவிட்டு நீக்குங்கள்.

வாரக்கடைசி:

வெள்ளிக் கணக்கு உறைக்கிறது. புதனுக்கு மாற்றுகிறேன். கணக்குப்பிள்ளை அண்ணே, சதவீதப் புள்ளிக்குத் தனி நன்றி.

இன்னும் இரண்டு. பாதுகாப்பு ஓட்டைச் செய்திகள் வாரத்துக்கு நூறு வருகின்றன, எதை எடுப்பது? சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளிடம் கொடுத்துச் சுருக்கலாமா?

கூர்நுனி:

பாதுகாப்புச் சேதியில் சிவிஎஸ்எஸ் மதிப்பெண்ணை (ஓட்டையின் தீவிரத்துக்குப் பத்துக்கு எத்தனை) வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். 9.8 என்பது ஓட்டை எவ்வளவு மோசம் என்று சொல்லும். யாராவது அதன் வழியே நுழைகிறார்களா என்று சொல்லாது. அதற்கு அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பர் முதல் நடத்தும் பட்டியல் இருக்கிறது: உண்மையில் தாக்குதலுக்குப் பயன்பட்டதாக உறுதியான ஓட்டைகள் மட்டும். அந்தப் பட்டியலில் இந்த வாரம் புதிதாக ஏறியவற்றைப் பாருங்கள், நூறு விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடும். மைக்ரோசாஃப்ட் மாதாந்திரத் திருத்தங்கள் வருவது இரண்டாம் செவ்வாய். புதன் காலை அடைப்பவர் அந்த வாரம் மட்டும் கொஞ்சம் தாமதிக்கலாம்.

எழுதும்போது பதிப்பு எண் இல்லாமல் எழுதாதீர்கள். எக்ஸ்இசட் விஷயத்தில் பாதிப்பு 5.6.0, 5.6.1 இரண்டில் மட்டும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டவே இல்லை. சோதனைக் கிளைகளோடு நின்றுவிட்டது. "லினக்ஸ் கணினிகள் எல்லாம் ஆபத்தில்" என்ற தலைப்புக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

முதல் சில மணி நேரத்துக் காரணத்தை நம்பாதீர்கள். கிரவுட்ஸ்ட்ரைக் நாளில் சைபர் தாக்குதல் என்று ஒரு பேச்சு, மைக்ரோசாஃப்ட் முடங்கியது என்று இன்னொரு பேச்சு. முந்தைய நாள் மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையான அஸூரின் ஒரு வட்டாரத்தில் தனியாக ஒரு தடங்கல் நடந்திருந்ததால் இரண்டும் ஒன்றாகப் பிசையப்பட்டன. உண்மையில் கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பிழையான புதுப்பிப்புக் கோப்பு. 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்டின் மதிப்பீடு மறுநாள்தான் வந்தது.

தரவுக் கசிவில் முதலில் வரும் எண்ணைக் "குறைந்தபட்சம்" என்று படியுங்கள். 2023 இலையுதிர்காலத்தில் உள்நுழைவுச் சேவை நிறுவனமான ஆக்டா முதலில் சொன்னது 134 வாடிக்கையாளர்கள், ஒரு சதவீதத்துக்கும் கீழ். நவம்பர் முடிவதற்குள், வாடிக்கையாளர் உதவி அமைப்பின் பயனர்கள் எல்லோருடைய பெயர், மின்னஞ்சல் விவரமும் போயிருந்தது என்று அவர்களே அறிவித்தார்கள். பொறுமைசாலி சொன்ன "தொடர்பவை" பகுதி இதற்குத்தான் தேவை.

ஆய்வுச் செய்திகளுக்கும் ஒரு வரி: ஆய்வுக் கட்டுரைகளை யாரும் முன்கூட்டியே பதிவேற்றும் ஆர்க்கைவ் தளத்தில் வந்தது என்பதால் சக ஆய்வாளர் சரிபார்ப்பு நடந்துவிட்டது என்று பொருள் இல்லை. 2023 ஜூலையில் எல்கே-99 என்ற பொருள் மீக்கடத்தி (மின்தடையே இல்லாதது) என்று உலகமே குதித்தது. ஆகஸ்ட் நடுவிலேயே, மீக்கடத்தல் மாதிரித் தெரிந்தது பெரும்பாலும் மாசாகக் கலந்த தாமிர சல்ஃபைடு போன்றவற்றின் வேலை என்று ஆய்வகங்கள் காட்டிவிட்டன.

மொழி மாதிரியிடம் சுருக்கக் கொடுக்கலாம், ஆனால் இணைப்பைக் கொடுக்காதீர்கள், முழு உரையை ஒட்டுங்கள். இணைப்பைத் திறக்க முடியாத இடத்தில் தலைப்பை வைத்தே ஊகித்து எழுதிவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மூல வாக்கியத்தை அப்படியே தரச் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தை மூலத்தில் தேடுங்கள். கிடைக்கவில்லையா, அந்த எண் போகட்டும். நிதி அட்டவணைகளில் அது தடுமாறும் இடங்கள் இரண்டு: மூன்று மாதப் பத்தியும் பன்னிரண்டு மாதப் பத்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் தாவிவிடும்; "தொகைகள் மில்லியனில்" என்ற தலைவரி ஒட்டும்போது விட்டுப்போனால் அலகு தொலைந்துவிடும்.

மூலப்பிரதி:

கூர்நுனி சொன்ன கடைசிப் பத்தியில் ஒரு மறுப்பு. எதைச் சேர்ப்பது என்ற தேர்வை மாதிரியிடம் விடவே கூடாது. ஒரே நேரத்தில் பத்துத் தளத்தில் வந்ததை அது "முக்கியம்" என்று எடுக்கும். ஆனால் பத்தும் சரியாக 13:00 யூடிசிக்கு வெளியாகியிருந்தால் அது தடைநேரத்தோடு (இந்த நேரத்துக்கு முன் வெளியிடாதே என்ற நிபந்தனையோடு) முன்கூட்டியே அனுப்பப்பட்ட ஒரே பத்திரிகைக் குறிப்பு. பத்துச் சாட்சி இல்லை, ஒன்றுதான். வெளியான நிமிடத்தைப் பார்த்தாலே பிடிபடும்.

இணைப்புகளை அன்றைக்கே வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் பிரதியைக் காத்து வைக்கும் தளம்) சேமித்துவிடுங்கள். செய்தித் தளங்கள் தலைப்பைச் சத்தமில்லாமல் மாற்றும், நிறுவனங்கள் பழைய பக்கத்தையே தூக்கிவிடும்.

வாரக்கடைசி:

கடைசியாக ஒன்று. போன தொகுப்பில் தவறு இருந்தால் பழையதைத் திருத்துவதா, புதியதில் சொல்வதா?

கணக்குப்பிள்ளை:

இரண்டும். பழையதில் தவறான எண்ணை அழிக்காமல் கோடடித்து, பக்கத்தில் சரியானதையும் திருத்திய தேதியையும் போடுங்கள். புதியதில் முதல் சேதிக்கு மேலே இரண்டே வரி: என்ன எழுதியிருந்தோம், எது சரி. மின்னஞ்சலில் அனுப்புவதாக இருந்தால் இந்த இரண்டு வரி கட்டாயம். இணையத்தில் திருத்தியது ஏற்கெனவே படித்தவர் பெட்டிக்குப் போகாது.